கொடுக்கக் கூடாத பதினைந்து லட்சம்

பிஸ்கட் தொழிற்சாலையின் வாசலில் யானைத் தலை அளவுக்கு ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, அந்தக் கவலையில் அண்ணனைப் படுக்கையில் புரளவிட்டுப் போன வாரம் பிரிந்தோம். பூட்டு இன்னும் அப்படியேதான் தொங்குகிறது. அண்ணனைத்தான் படுக்கையில் காணவில்லை.

காணவில்லை என்பதைக் கண்டுபிடித்தவள் அவர் தங்கை, சீல் அத்தை. அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள். அண்ணனும் அவளும் சரிபாதிப் பங்காக நடத்துவது அட்டைப்பெட்டிப் பட்டறை. பட்டறையின் ரப்பர் சீலும் ஊதா மைப்பெட்டியும் அவள் கைப்பையை விட்டுப் பிரிந்ததில்லை. பில்லில் குத்துவாள், ரசீதில் குத்துவாள், காகிதம் என்று எது கண்ணில் பட்டாலும் குத்துவாள். மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையெழுத்துக்குப் பக்கத்தில் சீல் விழுந்து, தலைமையாசிரியர் நூறு பெட்டிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார் என்பது குடும்ப வரலாறு.

"அண்ணி, அண்ணன் எங்க?" என்றாள் அத்தை, காலையில் மாடியிலிருந்து இறங்கி வந்ததும்.

அண்ணி ஒரு பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்தார். வீடே ஒரு பெட்டிக்கடலாக இருந்தது. சொந்தப் பட்டறைப் பெட்டிகளில் பாத்திரம், துணிமணி, கடிகாரம், பல் தேய்க்கும் பிரஷ் வரை எல்லாவற்றையும் போட்டு ஒட்டி வைத்திருந்தார். வீட்டில் பெட்டிக்குள் போகாமல் மிச்சம் இருந்தது பூனை ஒன்றுதான். அதுவும் நம்பிக்கையில்லாமல் அலமாரி மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

விஷயம் இதுதான். திவாலான பிஸ்கட் கம்பெனி, வாங்கிய பெட்டிகளுக்காகப் பட்டறைக்குத் தர வேண்டியது இருபது லட்சம். அதே கம்பெனியிடமிருந்து பட்டறை கடனுக்கு வாங்கிய பழைய வெட்டும் இயந்திரத்துக்காகத் திருப்பித் தர வேண்டியது பதினைந்து லட்சம். கம்பெனி நொடித்ததும் அதன் சொத்துகளைத் திரட்டிக் கடன்காரர்களுக்குப் பங்கிட ஒரு நிர்வாகியை நியமித்தார்கள். நிர்வாகியின் அலுவலகம் பதினைந்து லட்சத்தைக் கட்டச் சொல்லிவிட்டது. இருபது லட்சத்தைப் பற்றிக் கேட்டால் வரிசையில் நில்லுங்கள் என்றது. வரிசையின் கடைசியில் நூற்றுக்குப் பத்து கிடைத்தாலே பெரிது என்று ஊரெல்லாம் பேச்சு. ஆக, போவது முழுசாகப் பதினைந்து, வருவது இரண்டு. அண்ணன் முந்தாநாள் வீட்டுப் பத்திரத்தை வட்டிக்காரரிடம் அடகு வைத்து, பதினைந்து லட்சத்துக்கு வங்கி டிராஃப்ட்டும் எடுத்துவிட்டார். கடன் தீரும்வரை வீடு வட்டிக்காரர் கையில் என்பதால், காலி செய்ய நாளும் குறித்தாகிவிட்டது.

"டிராஃப்ட்ட எடுத்துக்கிட்டு எட்டு மணிக்கே கிளம்பிட்டார்" என்றார் அண்ணி, ஒரு தலையணையைப் பெட்டிக்குள் மிதித்துக்கொண்டே. "வரிசையில முதல் ஆளா நின்னு குடுக்கணுமாம்."

அண்ணன் அப்படித்தான். பஸ்ஸில் நடத்துநர் சீட்டுக் கொடுக்க மறந்துவிட்டால், இறங்கிய பிறகும் பஸ்ஸுக்குப் பின்னால் காசை நீட்டிக்கொண்டு ஓடுகிற ரகம்.

அத்தை செருப்பைத் தேடி மாட்டினாள். காரணம் இருந்தது. ஒரு வாரமாக அவள் அண்ணனிடம், அவங்க தர வேண்டியதிலே நாம தர வேண்டியதைக் கழிச்சுக்கச் சொல்லேன் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். அது வேற, இது வேற என்று அவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். ஆற்றாமையில் அவளே சற்று முன் நிர்வாகியின் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தாள். எடுத்த எழுத்தர் கொட்டாவிக்கு நடுவே ஒரு பொன்னான வாக்கியத்தைச் சொன்னார். கொடுக்கல், வாங்கல் ரெண்டும் ஒரே ஆளுங்களுக்குள்ள, ரெண்டும் பூட்டு விழறதுக்கு முன்னாடி நடந்ததுன்னா, கழிச்சுட்டு மிச்சத்துக்கு மட்டும் வரிசையில நிக்கலாமேம்மா, ஏன் முழுசா கட்டறீங்க என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் அத்தை அங்கேயே ஆடியிருப்பாள். ஆனால் அவர், கட்டிட்டீங்கன்னா அப்புறம் பொதுப் பணம், திரும்பாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

அந்தத் திரும்பாத பணத்தைத்தான் அண்ணன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். அவர் பழக்கப்படி தொலைபேசியை வீட்டிலேயே விட்டுவிட்டும் போயிருக்கிறார். அத்தை அழைத்ததும் அது எந்தப் பெட்டிக்குள்ளிருந்தோ மணியடித்தது.

அப்போது தெருவில் லாரி வந்து நின்றது. அத்தையின் மகளைக் கட்டியவர், லாரிக்காரர். சொந்தமாக ஒரே ஒரு லாரி. மாமனார் இல்லாத வீட்டில் மாமியார் வைத்ததே சட்டம் என்று சிரித்துக்கொண்டே வாழக் கற்றவர். பிஸ்கட் கம்பெனி அவருக்கும் தர வேண்டிய லாரி வாடகை பாக்கி ஆறு லட்சம். அவர் அவர்களுக்குத் தர வேண்டியது ஒன்றுமில்லை. இன்று கடன்காரர்கள் கூட்டம் என்பதால் கிளம்பிவிட்டிருந்தார்.

"ஏறுங்க அத்தை, ஒண்ணாவே போயிடலாம்."

ஏறினாள் என்று சொல்லக் கூடாது. அறுபதை நெருங்கும் அந்த அம்மாள் லாரிப் படியில் கால் வைத்ததை யாரும் பார்க்கவில்லை. தரையில் இருந்தாள், அப்புறம் இருக்கையில் இருந்தாள்.

கேபினுக்குள் பிஸ்கட் வாசனை ஆளைத் தூக்கியது. எத்தனையோ வருடம் பிஸ்கட் ஏற்றிய வண்டி வேறு எப்படி மணக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மேம்பாலத்து ஏற்றத்தில் லாரி பிரசவ வலி கண்டதுபோல் முக்கியது.

"காலி லாரிக்கு இவ்வளவு முக்கலா மாப்பிள்ளை?"

"அதுக்கும் வயசாகுதுல்ல அத்தை" என்று அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

வழியில் எழுத்தர் சொன்னதை அவரிடம் ஒப்பித்தாள். பதினைந்து லட்சம் கழிந்துவிடும், வீடு பிழைக்கும் என்றாள். நல்லது அத்தை, நல்லது என்று தலையாட்டினார். இரண்டு சிக்னல் தாண்டியதும் தலையாட்டம் நின்றுவிட்டது. லாரிக்காரருக்குக் கணக்கு மெதுவாக வரும், வந்தால் சரியாக வரும். அந்தப் பதினைந்து லட்சம் பொதுப் பானைக்குள் விழாவிட்டால் பானையிலிருந்து எல்லாருக்கும் ஊற்றுவது குறையும். எல்லாருக்கும் என்றால் அவருக்கும். அத்தைக்கும் அது அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு போனார்கள்.

கூட்டம் தொழிற்சாலையின் பொட்டலம் கட்டும் கூடத்தில். வாசல் பூட்டைத் தொடாமல் பின்வாசலைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஓடாத கன்வேயர் பட்டைகளுக்கு நடுவே, நாற்காலி போதாமல் கவிழ்த்துப்போட்ட பிஸ்கட் டின்களின் மேல் கடன்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோபம் வந்து யாராவது அசைந்தால் டின் டொங்கென்று சத்தம் போட்டது. கூடம் முழுக்க ஒரே டொங்கு டொங்கு. முன்னால் மேசை. மேசைக்குப் பின்னால் நிர்வாகி, கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். சிரிப்பைக்கூட கடன்காரர்களுக்குச் சரிசமமாகப் பங்கிட்டுக் கொடுப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

மேசைக்கு முன்னால் அண்ணன். அவர் கை சட்டைப்பையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. டிராஃப்ட் மேசையைத் தொட்டது. நிர்வாகியின் விரல்கள் அதை நோக்கி நீண்டன.

அந்த விரலுக்கும் டிராஃப்ட்டுக்கும் நடுவே ஒரு கைப்பை வந்து விழுந்தது. ரப்பர் சீல், மைப்பெட்டி, மாத்திரை அட்டை, சாவிக்கொத்து எல்லாம் சேர்ந்து ஒரு செங்கல் எடை. கைப்பையின் மேல் அத்தை தன் இரண்டு முழங்கைகளையும் வைத்துச் சாய்ந்துகொண்டாள். மூச்சு வாங்கியது.

"எடு பைய" என்றார் அண்ணன். "வாங்கினதைக் குடுக்கறது என் நாணயம். அவங்க குடுக்கலைங்கறது அவங்க நாணயம்."

"நாணயம் உன்கிட்டயே இருக்கட்டும் அண்ணா. வீடும் நம்மகிட்ட இருக்கட்டும். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். நீ கண்ண மூடிக்கிட்டுக் கொட்டப் பாக்கற."

நிர்வாகி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஐயா, கொஞ்சம் இருங்க. நான் வாங்கிட்டா இதைத் திருப்பித் தர எனக்கே அதிகாரம் இல்லை. அவங்க சொல்றதைக் கேட்டுடுவோம்."

அத்தை சொன்னாள். எழுத்தர் சொன்னதை எழுத்தரைவிடச் சிறப்பாக, நாலு மடங்கு நீளமாகச் சொன்னாள். நிர்வாகி ஒப்புக்கொண்டார். கழிக்கலாம், ஆனால் கொடுத்தவரும் வாங்கியவரும் இரண்டு பக்கமும் அதே ஆட்களாக இருக்க வேண்டும் என்றார். பெட்டி விற்றது பட்டறை. இயந்திரம் வாங்கியது யார் என்பதுதான் கேள்வி. அது அண்ணனின் சொந்தக் கடன் என்றால், பட்டறைக்கு வர வேண்டியதில் அதைக் கழிக்க வழியில்லை.

விற்பனைக் காகிதத்தைத் தேடி எடுத்தார்கள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு நினைவிருந்தது. அந்த இயந்திரம் அவருடைய இளமைக் கனவு. அதைத் தன் பெயரிலேயே, வால் நீண்ட கையெழுத்தாகப் போட்டு வாங்கியவர் அவர்.

காகிதத்தில் அந்த வால் இருந்தது. வாலை மிதித்துக்கொண்டு, ஊதா நிறத்தில், கொஞ்சம் சாய்வாக, பட்டறையின் சீலும் இருந்தது.

அண்ணன் அன்று அதற்காகப் போட்ட சண்டை பட்டறைக் கூரையைப் பெயர்த்தது. என் கையெழுத்து மேல நம்பிக்கை இல்லையா என்று ஒரு மாதம் பேசாமல் இருந்தார். உண்மையைச் சொன்னால், அவளுக்கு அன்று நம்பிக்கை இல்லைதான். பொதுப் பணத்தில் தவணை கட்டிவிட்டு அண்ணன் இயந்திரத்தைத் தனதென்று சொல்லிவிடுவாரோ என்று ஒரு குறுகுறுப்பு. கூடப் பிறந்தவர்மேல் அவள் பட்ட அந்தச் சந்தேகம் இன்று மேசைமேல் கிடந்து வீட்டைக் காப்பாற்றப் பார்த்தது.

"நில்லுங்க" என்று ஒரு டின் டொங்கியது. மாவு வியாபாரி. கம்பெனிக்கு மாவு போட்டு முப்பது லட்சம் ஏமாந்தவர். "இந்த சீல் எப்ப குத்தினது? பூட்டு விழுந்தப்புறம் ஆளுக்கு ஆள் என்னென்னவோ குத்தறாங்க. இவங்க கழிச்சுக்கிட்டா எங்க பானையில பதினஞ்சு லட்சம் ஓட்டை."

"ஓட்டைதான்" என்றார் நிர்வாகி. மறைக்கவில்லை. "இருபது வர வேண்டியவங்க பதினஞ்சு தரணும்னா, உண்மையில அவங்களுக்கு வர வேண்டியது அஞ்சுதான். சட்டம் அதைத்தான் பாக்குது. அதனால மத்தவங்களுக்குக் குறையும், அதுவும் நிஜம். ஆனா நீங்க ரெண்டு மாவு பிசையற மெஷினைத் தூக்கிட்டுப் போயிட்டு அதையும் கழிச்சுக்கறேன்னீங்களே, அது வேற. கடனைக் கடன்ல கழிக்கலாம். பொருளைத் தூக்கிட்டுப் போய் கடன்ல கழிக்க முடியாது. இன்னிக்கே கொண்டுவந்து வைங்க."

கடைசி வரிசையில் லாரி மாப்பிள்ளைக்கு இருமல் வந்தது. விடாமல் வந்தது. பக்கத்தில் இருந்தவர் முதுகைத் தட்டிவிட்டார்.

"சீல் அன்னிக்கே குத்தினதுக்கு சாட்சி இருக்கா?" என்று நிர்வாகி கேட்டார்.

அத்தை திரும்பிப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது என்று உடனே பட்டது. இயந்திரத்தை ஏற்றிவந்தது மாப்பிள்ளையின் லாரி. சண்டை நடந்தபோது காகிதத்தைக் கையில் வைத்திருந்தவரும் அவர்தான். எனக்கு ஞாபகமில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவருடைய பானையில் ஓட்டை விழாது. மகளும் பேத்தியும் அந்த லாரியை நம்பி இருக்கிறவர்கள். அவரிடம் எப்படிக் கேட்பது? அத்தை தலையைக் குனிந்து தன் கைப்பையின் பித்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டின் ஒன்று மெதுவாக டொங்கியது. மாப்பிள்ளை எழுந்தார்.

"நான் பாத்தேங்க. இயந்திரம் ஏத்தின அன்னிக்கே குத்தினாங்க. மாமா காகிதத்தை இழுத்தாரு, அத்தை விடல. ஒரு குத்து காகிதத்துல, இன்னொண்ணு என் சட்டையில."

சட்டைப்பையைக் காட்டினார். அவர் லாரி ஓட்டும்போது போடும் பழைய சட்டை. பைக்கு மேல் ஊதாவாக, தலைகீழாக, அரை மங்கலாகப் பட்டறையின் பெயர். ஆயிரம் முறை துவைத்தும் போகாத பெயர்.

"வேலிக்கு ஓணான் சாட்சி" என்றார் மாவு வியாபாரி. "மாமியாருக்கு மருமகன் சாட்சி."

நிர்வாகி பட்டியலைப் புரட்டினார். "உங்களுக்கும் ஆறு லட்சம் வரணும். இவங்களுக்குக் கழிச்சா உங்க பங்கு குறையும். தெரியுமா?"

"வர்ற வழியிலயே தெரிஞ்சுடுச்சுங்க."

நிர்வாகி பேனாவைத் திறந்தார். "சட்டைய நான் சாட்சியா எடுத்துக்க முடியாது. ஆனா தனக்கு நஷ்டம் வர்ற மாதிரி யாரும் பொய் சொல்ல மாட்டாங்க." பதினைந்தை அடித்தார். மிச்சம் ஐந்தை வரிசையில் எழுதினார். டிராஃப்ட்டைக் கைப்பைக்கு அடியிலிருந்து நிதானமாக உருவி அண்ணனிடமே நீட்டினார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அண்ணன் பக்கத்து டின்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் டின் சப்பையாகிவிட்டது. தரைமட்டத்தில் உட்கார்ந்தபடி டிராஃப்ட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கூடத்தின் காற்றில் பாதியை ஒரே மூச்சில் இழுத்து விட்டார்.

"கசக்காத அண்ணா" என்றாள் அத்தை. "திருப்பிக் குடுக்கணும்."

அங்கிருந்து நேராக வட்டிக்காரர் வீடு. இரண்டு நாள் வட்டிக்கு அவர் ஒரு மாத வட்டி கேட்டார். அத்தை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். கால் மணி நேரத்தில் அவர் இரண்டு நாள் வட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு, பத்திரத்தையும் கொடுத்து, தெருமுனை வரை கொண்டுவந்தும் விட்டார். போய்விட்டாளா என்று உறுதி செய்துகொள்ளத்தான் வந்திருப்பார்.

வீட்டில் அண்ணி பத்திரத்தைப் பார்த்தார். சமையலறைக் கத்தியை எடுத்து முதல் பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழித்தார். அந்தச் சத்தம் மாதிரி இனிமையான சத்தத்தை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை. அப்புறம் எல்லாரும் கிழித்தார்கள். கடிகாரம் வெளியே வந்தது, தலையணை உப்பியது, ஆறாவது பெட்டியில் தேயிலை அகப்பட்டது. பூனை அலமாரியை விட்டு இறங்கி, காலிப் பெட்டிகளில் ஆகப் பெரியதாகப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

ஒரு மாதத்தைப் பேசாமல் வீணாக்கியதற்கு அண்ணன் தங்கையிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தன் தேநீர்க் கோப்பையை முதலில் அவள் பக்கம் நகர்த்தினார். அந்த வீட்டில் அதற்கு அதுதான் பொருள்.

மாப்பிள்ளை மட்டும் வாசற்படியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை" என்றாள் அத்தை. "நீங்க இன்னிக்கு செஞ்சது..."

"அத்தை, லாரி காலி இல்லை."

அவளுக்கு மேம்பாலமும் முக்கலும் கேபின் வாசனையும் வரிசையாக ஞாபகம் வந்தன.

"பூட்டு விழுந்த அன்னிக்குக் காலைல அவங்களே ஏத்திவிட்டாங்க. முழு லோடு பிஸ்கட். எங்க இறக்கறதுன்னு சொல்ல ஆள் இல்லை. ஆறேழு லட்சம் தேறும், எனக்கு வர வேண்டியது மாதிரியே. நான் தூக்கிட்டு வரல, கூலிக்கு ஏத்தினது. மாவுக்காரருக்கு சொன்னது எனக்கும் பொருந்துமா, தெரியல. திருப்பிக் குடுத்துடறதா, வெச்சுக்கறதா?"

கத்திகள் நின்றன. அத்தைக்கு இன்னொன்றும் தோன்றியது. கம்பெனிச் சரக்கை லாரியில் வைத்துக்கொண்டு நின்றவர்தான் தங்களுடைய ஒரே சாட்சி. நிர்வாகிக்கு இது தெரியவந்தால் அந்தச் சாட்சி நிற்குமா? சாட்சி விழுந்தால் பதினைந்து லட்சம் மறுபடி எழுந்து வராதா? வாசலை எட்டிப் பார்த்தாள். லாரியின் பின்கதவிலிருந்து சக்கரம் வழியாக இறங்கி, தெருவைக் குறுக்கே கடந்து, ஊரிலுள்ள எறும்பெல்லாம் உறவினரோடு வரிசையில் போய்க்கொண்டிருந்தன. எறும்புக்குத் தெரிந்தது மாவு வியாபாரிக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்?

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். பஸ்ஸுக்குப் பின்னால் காசை நீட்டிக்கொண்டு ஓடுகிறவர் என்ன சொல்வார் என்பது பூனைக்கே தெரியும்.

அண்ணன் தேநீரை ஒரு வாய் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவசரப்படாதீங்க மாப்பிள்ளை" என்றார். "குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுடுவோம். என் ஃபோன் எந்தப் பெட்டியில இருக்கு?"